ஊசி படாத துணி

1

எதிர்வீட்டு மர்யம் என்னை நம்பிக் கொடுத்துவைத்த துணியின் ஓரத்தை நான் மடித்துத் தைத்துவிட்டேன். நடந்தது அவ்வளவுதான். ஊரில் இருக்கிற உங்களுக்கு இது ஒரு விஷயமாகவே படாது. துணி தைக்கத்தானே திருப்பூரே இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் பட்டது.

நாங்கள் இருப்பது சார்ஜாவில், ஒரு பழைய கட்டடத்தின் ஆறாவது மாடி. மகன் குமார் திருப்பூரிலிருந்து பனியனும் ஜட்டியும் வரவழைத்து ஆப்பிரிக்காக்காரர்களுக்கு மொத்தமாக விற்கிறான். மருமகள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போகிறாள். பேத்தி தன்யா ஏழாவது படிக்கிறாள். காலையில் மூன்று பேரும் கிளம்பிப் போனால் வீட்டில் ஏசி சத்தமும் நானும்தான். போன வருஷம் வரைக்கும் அவரும் இருந்தார்.

அவர் போனதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தூக்கத்தில் போனார். இங்கே இறந்தவருடைய விசாவை ரத்து செய்த பிறகுதான் உடலை ஊருக்கு அனுப்புவார்கள். குமார் ஒவ்வோர் ஆபீஸாக அலைந்து, ரத்தான தாளைக் கொண்டுவந்து காட்டினான்.

"அப்பா விசா கேன்சல் ஆயிருச்சுங்கம்மா. இனிக் கிளம்பலாம்" என்றான். அவர் லீவுக்கு ஊருக்குப் போவது போல இருந்தது கேட்க.

கோயமுத்தூர் வரைக்கும் ஒரே விமானத்தில் வந்தோம். நான் மேலே, அவர் கீழே. சாப்பாடு வைத்தார்கள், சாப்பிட்டேன். காரியமெல்லாம் முடித்துவிட்டு மறுபடியும் இங்கே வந்தேன். ரொம்ப நாள் வெளியே இருந்தால் என் விசாவும் போய்விடும் என்றார்கள். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்து உட்கார்ந்தேன்.

அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. கையைத் தலைக்கு வைத்துத் தூங்கி எழுந்தால், அந்தக் கை யாருடையதோ போலக் கிடக்குமே, அப்படி இருக்கிறது. வலி இல்லை. சாப்பிடுகிறேன், துணி மடிக்கிறேன், தன்யாவின் பஸ் வருகிற நேரத்துக்குக் கீழே போய் நிற்கிறேன். அவள் இப்போது, "அப்பாயி, நீ கீழ வராதே, ஃபிரண்ட்ஸ் பாக்கறாங்க" என்கிறாள். எங்கள் பக்கத்தில் பெரியவர்களை 'நீ' என்று கூப்பிட்டால் முதுகில் ஒன்று விழும். இவளுக்குத் தமிழில் 'நீங்க' என்று ஒன்று இருப்பதே தெரியாது. நான் கீழே போவதை நிறுத்திக்கொண்டேன்.

2

மர்யம் ஈரான்காரி. ஷிராஸ் என்ற ஊர். கல்யாணமாகி இங்கே வந்தவள், இங்கேயே தலை நரைத்துவிட்டது. எனக்கும் அவளுக்கும் பொதுவான பேச்சு இந்தி. அவள் கடைத்தெருவில் கற்றுக்கொண்டது. நான் திருப்பூர் கம்பெனியில், கடைசி வருஷங்களில் என் மேஜையில் நின்ற பீகார்ப் பெண்களிடம் கற்றுக்கொண்டது. இரண்டும் உடைந்த இந்திதான், உடைந்த இடம்தான் வேறு வேறு. இங்கே அவள் பேச்சை நம் பேச்சாகவே எழுதுகிறேன். அவளை நான் மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். அது அவளுக்குச் சிரிப்பு.

"நான் என்ன போலீசா? எதுக்கு எங்கிட்ட இப்பிடிப் பேசறே?"

"எங்க ஊர்ல போலீசுக்கு மரியாதை கொஞ்சம் கொறையாத்தானுங்க" என்றேன். அவளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்த பிறகு அன்றைக்கு முழுக்கச் சிரித்தாள்.

அவருடைய முதல் திதிக்குச் செய்த வடையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"எத்தனை நாளாச்சு?"

"ஒரு வருசமாச்சுங்க."

"ஒரு வருசந்தானா. என்னோடவர் ஏழு கபனை மக்க வெச்சுட்டார்."

வெகுநாள் முன்னால் இறந்தவரைப் பற்றி அவர்கள் பாஷையில் அப்படித்தான் சொல்வார்களாம். கபன் என்றால் எனக்குத் தெரியும். திருப்பூரில் முஸ்லிம் வீடுகளில் சொல்கிற சொல்தான். பீகார்ப் பெண் ஒருத்தி தன் அப்பா செத்த சேதி வந்தபோது போனில் இதே சொல்லைச் சொல்லி அழுததையும் கேட்டிருக்கிறேன். இறந்தவர் உடம்பில் சுற்றுகிற வெள்ளைத் துணி.

மர்யம் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சூட்கேசை இழுத்துத் திறந்தாள். உள்ளே ஒரு தலையணை உறை, அதற்குள் அந்தத் துணி. அவளுடையது. அவள் கணவர் உயிரோடு இருந்தபோது கர்பலாவுக்குப் போய், அங்கே அடக்கத்தலத்தில், ஜியாரத் என்கிற தரிசனத்தில், வைத்து வாங்கி வந்தாராம். அவருக்கு ஒன்று, இவளுக்கு ஒன்று. அவர் தன்னுடையதை உடுத்திக்கொண்டு போய்விட்டார்.

நான் எட்டி நின்று பார்த்தேன். நம் வீடுகளில் இப்படி ஒன்றை வைத்திருந்தால் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வார்கள், முதலில் இதை வெளியே கொண்டுபோ என்று. அவள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டைக் காட்டுவது போலக் காட்டினாள்.

"மஸ்கட்லேர்ந்து என் மக வர்றா. அவளுக்கு இதைப் பாத்தா ஆகாது. போன தடவை பாத்துட்டு அழுது, பரண் மேல எங்கேயோ போட்டுட்டா, தேடித் தேடி எடுத்தேன். அவ போற வரைக்கும் உன் வீட்டுல வெச்சுக்க. நீ துணிக்காரி, பத்திரமா வெப்பே."

எனக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. வாங்கிக்கொண்டு வந்து, மருமகள் கண்ணில் படாமல் என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

3

திருப்பூரில் நான் செக்கிங். தைத்து வருகிற பனியனைத் திருப்பி, டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, தொங்குகிற நூலைக் கத்தரித்துத் தள்ள வேண்டும். அந்த நூலைத்தான் பிசிறு என்போம். ஒரு பீஸ் பிசிறோடு போனால் மேஜைக்கே சூப்பர்வைசர் வந்துவிடுவார். சின்னப் பையன், வாய் மட்டும் நீளம்.

"ஏனுங்கக்கா, இது என்ன மாமாவோட மீசைங்களா, வெட்ட மனசு வரலீங்களா?"

மேஜை முழுக்கச் சிரிக்கும். என்னிடம் அவர் அடிக்கடி அப்படிக் கேட்டதில்லை. என் கைக்குத் தப்பிப் பிசிறு போகாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கை அப்படிப் பழகிவிட்டது, அதுதான் விஷயம்.

மர்யமின் துணியை இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சேலை எடுக்கும்போது அது உறையோடு கீழே விழுந்து விரிந்தது. நல்ல பருத்தி. நம் மல் துணியைவிடக் கொஞ்சம் கனம். ஆனால் நான்கு பக்கமும் ஓரம் அப்படியே விட்டிருந்தார்கள். வெட்டிய இடத்தில் நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. யாரோ கடைக்காரன் அவசரத்தில் கிழித்துக் கொடுத்துவிட்டான், இத்தனை வருஷமாக இவளும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

கடைசியாக உடுத்துகிற துணி. அது போய் இப்படிப் பிசிறோடு போகலாமா.

ஊசியில் வெள்ளை நூல் கோத்தேன். ஓரத்தை இரண்டு மடிப்பாக மடித்துக் கைத்தையல் போட்டேன். மிஷினில் அடித்தால் மேலே கோடு தெரியும், கையில் போட்டால் தெரியாது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ஒரு மத்தியானம் ஒரு பக்கம். அந்த மத்தியானங்கள் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக மத்தியானம் என்பது நகராமல் இருந்தது. ஒரு நாள் தன்யா பள்ளி விட்டு வந்து பெல் அடித்தபோது, அதற்குள்ளா என்று தோன்றியது. முடித்து, தண்ணீர் தெளித்து, இஸ்திரி போட்டு, பழையபடி உறைக்குள் வைத்தேன்.

மகள் போன மறுநாள் மர்யம் வந்தாள். நான் துணியைக் கொடுத்தேன். அவள் வெளியே எடுத்து முகர்ந்தாள். ஓரத்தில் விரல் போயிற்று. நின்றது. விரலை நகர்த்தி நகர்த்தி ஒரு பக்கம் முழுக்கத் தடவினாள்.

"இது என்ன?"

"நூல் நூலாப் பிரிஞ்சுட்டு இருந்துதுங்க. மடிச்சு அடிச்சு வெச்சேனுங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கபன்ல ஊசி படக்கூடாது" என்றாள். "தையல் எல்லாம் உசுரோட இருக்கறவங்களுக்கு. அவர் அவ்வளவு தூரம் போய் வாங்கிட்டு வந்தது."

"பிரிச்சுடறேனுங்க. நூலை உருவிட்டா…"

"ஓட்டை இருக்குமே."

இருக்கும். அது எனக்குத் தெரியாதா. அவள் துணியை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு சில நாள் எதிர்க்கதவு திறக்கவில்லை. நான் போய்த் தட்டவும் இல்லை. தட்டி என்ன சொல்வது. வேறு ஒன்று வாங்கலாம், ஆனால் அவர் வாங்கி வந்ததை வாங்க முடியாது. இந்த ஊரில் என்னிடம் ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

4

தன்யாதான் கண்டுபிடித்தாள்.

"அப்பாயி, மர்யம் ஆன்ட்டி ஏன் வர்றதில்ல? நீயும் அவங்களும் சண்டையா?"

சின்னப் பிள்ளையிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று பார்த்தேன். அப்புறம் சொன்னேன். அவள் பயப்படவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அது எனக்கு ஆச்சரியம்.

"உஸ்தாதாகிட்டக் கேக்கலாம். அவங்களுக்குத் தெரியும்."

மூன்றாவது மாடியில் ஈராக்கிலிருந்து வந்த ஓர் அம்மாள் இருக்கிறார். அரபி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே பள்ளியில் அரபி கட்டாயம் என்பதால் தன்யா அவரிடம் டியூஷன் போகிறாள். உஸ்தாதா என்றால் டீச்சர். நான் வரமாட்டேன் என்றேன். படித்தவர்கள் முன்னால் எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. தன்யா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, போனை எடுத்து அரபியில் பேசினார். கொஞ்ச நேரத்தில் மர்யம் துணியோடு வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

உஸ்தாதா ஓரத்தைத் தடவிப் பார்த்து, தைத்ததால் துணி கெட்டுப்போகாது, பரவாயில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு என்றார்.

"சொல்றவங்க சொல்லட்டும். எனக்கு வேணாம்" என்றாள் மர்யம்.

சும்மா இருக்க முடியாமலோ என்னவோ, உஸ்தாதா அலமாரியிலிருந்து ஒரு பெரிய அகராதியை இரண்டு கையாலும் தூக்கி வந்து மடியில் வைத்தார். பக்கம் புரட்டி விரலால் தேடிப் படித்தார். அவர் தன்யாவுக்கு இங்கிலீஷில் சொல்ல, தன்யா எனக்குத் தமிழில் சொன்னாள். மர்யமுக்கு அவரே அரபியில் சொன்னார்.

"அப்பாயி, கேட்டியா. கபன்னு இப்ப சொல்றமே, அது மூணு எழுத்து. க, ஃப, ந. அந்த மூணு எழுத்துல அரபில பழைய அர்த்தம் நெறைய இருக்காம். ஒண்ணு, கம்பளிய நூலா நூக்கறது. அதுக்கும் இதே வேர்டு."

"நூல் நூக்கறதா?"

"ஆமா. இன்னொண்ணு, ரொட்டி சுடறப்ப மாவைச் சுடு சாம்பல்ல போட்டு மூடறது. அதுக்கும் இதே வேர்டுதான். மூடி வெக்கறதுன்னு அர்த்தம். அதுலேர்ந்துதான் செத்தவங்களை மூடற துணிக்கு வந்துச்சாம்." பிறகு அவளாகவே திரும்பி உஸ்தாதாவிடம் ஏதோ கேட்டாள். அவர் சிரித்துத் தலையை ஆட்டினார். "காஃபின்கற இங்கிலீஷ் வேர்டும் இதுலேர்ந்து வந்துச்சான்னு கேட்டேன். எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கறாங்களாம். இல்லையாம். அது கிரேக்கத்துல கூடைங்கற வேர்டாம்."

"உங்க பாசைலயும் அப்படித்தானுங்களா?" என்று மர்யமிடம் கேட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் அவளிடம் பேசியது அதுதான்.

மர்யம் யோசித்தாள். "எங்க பாரசீகத்துல கபன்னா கபன்தான். அரபிலேர்ந்துதான் எங்களுக்கு வந்துச்சு. வர்றப்ப நூலும் வரலை, ரொட்டியும் வரலை. செத்தவங்க மட்டுந்தான் வந்தாங்க."

மர்யம் அதையே அரபியிலும் சொல்ல, உஸ்தாதா அகராதியின் மேல் கையை வைத்துக்கொண்டார். நான் தன்யாவிடம், அந்தப் பக்கத்தில் தையல் என்று எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். அவர் மேலிருந்து கீழே மறுபடியும் படித்துப் பார்த்தார். இல்லை என்றார்.

"நூக்கறது இருக்குது, மூடறது இருக்குது. நடுவுல நாந்தான் பூந்துட்டனுங்க" என்றேன்.

மர்யம் என்னைப் பார்த்தாள். வாயை அழுத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாள் என்றுதான் நினைக்கிறேன்.

"கிழிச்சிடலாமா?" என்று கேட்டாள். உஸ்தாதாவிடம் இல்லை, என்னிடம். "தைச்ச ஓரத்தை மட்டும்? ஊசி பட்டது போயிடும்ல?"

"போயிருமுங்க. துணி சிறுத்துருமுங்களே."

அங்கேதான் சிக்கல். சுற்றுகிற துணி தலைக்கு மேலேயும் பாதத்துக்குக் கீழேயும் முடிச்சுப் போடுகிற அளவு நீளம் இருக்க வேண்டும் என்றார் உஸ்தாதா. முடிச்சு விழாவிட்டால் அது கபன் ஆகாது. மேலும் கட்டுவதற்கான நாடாவையும் அதே துணியிலிருந்துதான் கிழிக்க வேண்டுமாம். நான் ஓரத்துக்கு மடித்தது, மடிப்புக்குள்ளே மடித்தது, அதோடு தையலுக்கு உள்ளே கொஞ்சம் தள்ளிக் கிழிப்பது. மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். விழுந்தாலும் விழும், விழாமலும் போகும்.

5

மறுநாள் காலை மர்யமின் கூடத்தில் உட்கார்ந்தோம். பனியன் துணியைக் கிழிக்க முடியாது. வளையம் வளையமாகப் பின்னியது, இழுத்தால் ஓடும், கோணிக்கொள்ளும். இது தறியில் நெய்தது. ஓர் இழையைப் பிடித்து ஆரம்பித்துவிட்டால் கடைசி வரைக்கும் நேராகவே கிழியும். நான் பிடித்துக்கொள்ள அவள் கிழித்தாள். அந்தச் சத்தம் பெரிய சத்தம். ஒவ்வொரு பக்கமும் முடிகிற வரைக்கும் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். என் தையல் நான்கு நாடாவாகத் தரையில் விழுந்தது. நல்ல தையல். அதைப் பார்க்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அகலத்தில் இன்னும் இரண்டு கிழி, கட்டுகிற நாடாவுக்கு.

நான் டேப் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மர்யம் வேண்டாம் என்றாள்.

"நானே இருக்கேன், டேப் எதுக்கு."

துணியைக் கம்பளத்தின் மேல் விரித்து, நடுவில் மெதுவாக உட்கார்ந்து, பிறகு படுத்தாள். கைகளைப் பக்கத்தில் நீட்டி வைத்துக்கொண்டாள். படுத்தால் ரொம்பச் சின்னவளாகத் தெரிந்தாள். தலைப் பக்கம் ஒரு முழம் இருந்தது. அள்ளி முறுக்கிப் பார்த்தேன், முடிச்சு தாராளமாக விழுந்தது. கால் பக்கம் போனேன். பாதத்துக்குக் கீழே நான்கு விரல்தான்.

"என்ன, பேச்சையே காணோம்?"

"கொஞ்சம் மேல ஏறிப் படுங்க."

"இல்லேன்னா என்னைக் கொஞ்சம் வெட்டிக்க" என்றாள் கூரையைப் பார்த்துக்கொண்டே.

துணியை நான் மேலே பிடித்துக்கொள்ள, அவள் தோளை அசைத்து அசைத்து மேலே நகர்ந்தாள். நான் கீழே போய்ப் பார்த்தேன். ஒரு சாண் வந்திருந்தது. இரண்டு பாதத்துக்கும் கீழே துணியைச் சேர்த்து அள்ளி, முறுக்கி, கிழித்த நாடாவைச் சுற்றி இழுத்தேன். முடிச்சு விழுந்தது. கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அவிழவில்லை. மறுபடியும் தலைப் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் விழுந்தது.

"விழுதுங்க" என்றேன்.

"இறுக்கமாவா?"

"ரொம்ப இறுக்கமா இல்லீங்க. ஆனா நிக்குது."

அவள் பெருமூச்சு விட்டாள். இரண்டு முடிச்சையும் நான் அவிழ்த்தேன். இனி எழுந்திருக்கலாம் என்றேன். அவளால் முடியவில்லை. முட்டி மடங்க மாட்டேன் என்றது. நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். என் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு தடவை முயன்று இரண்டு பேரும் விட்டுவிட்டோம்.

"உன் பேத்தி எப்ப வருவா?"

"அவ பஸ்சு மத்தியானத்துக்கு மேலதானுங்க."

"சரி, வரட்டும்."

நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். அவள் அந்தத் துணியின் மேலேயே கிடந்தாள். தலையை என் பக்கம் திருப்பிக் கேட்டாள்.

"உன் துணியை எங்க வெச்சிருக்கே?"

"எங்கள்ல முன்னாலயே வெச்சுக்கறதில்லீங்க. பொறந்த ஊட்டுல இருந்து கோடி கொண்டாந்து போடணும். புதுச் சேலை. எந்தம்பி அனுப்பர்பாளையத்துல இருக்கறான். நாம் போன சேதி தெரிஞ்சதுக்கு அப்புறம் கடைக்குப் போயி எடுப்பான்."

"என்ன கலர்?"

"அவன் எடுக்கறதுதானுங்க."

"அப்ப நீ பாக்கவே மாட்டே."

"இல்லீங்க."

அவள் அதை யோசித்தாள். எனக்காக வருத்தப்படுகிறாள் என்று தெரிந்தது. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

"இங்கேயே போயிட்டா? அவன் எடுத்துட்டு இவ்வளவு தூரம் வருவானா?"

"தெரியலீங்க."

தம்பிக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. மர்யம் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் நகர்ந்தாள். துணியில் பாதி காலியாயிற்று. அதைத் தட்டிக் காட்டினாள்.

"ஒக்காந்தே இருந்தா முதுகு போயிடும். வா, படு."

"அதுலயாங்க?"

"ஊசிதான் படக்கூடாது. நீ படலாம்."

நான் படுத்தேன். துணிக்கு அடியில் கம்பளம், அதற்கு அடியில் தரையின் குளிர்ச்சி. மேலே ஃபேன் சுற்றியது. அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது, சூடாக இருந்தது. நாங்கள் தூங்கிவிட்டோம் போல.

காலிங் பெல் அடித்தது. மறுபடியும் அடித்தது. மர்யம் எழப் பார்த்தாள், முடியவில்லை. நான் புரண்டு எழப் பார்த்தேன், எனக்கும் முடியவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். மர்யம் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். அது என் தோளுக்கும் வந்தது.

வெளியே தன்யா கதவைத் தட்டினாள். அவள் குரலில் பயம் இருந்தது.

"அப்பாயி? ரெண்டு பேரும் உள்ள இருக்கீங்களா?"

"இருக்கறோம் கண்ணு" என்றேன்.